மூன்றாவது குழாய்

ஒச்சப்பனின் மடியிலிருந்து விழுந்த சூரிக்கத்தியை ஏட்டு பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டார்.

"இதாலதானடா அறுத்த?"

"அது கயிறு அறுக்குற கத்தி, ஏட்டய்யா. வண்டிக்காரன் மடியில கத்தி இல்லாம தாழம்பூவா இருக்கும்?"

சுற்றி நின்ற மாட்டுவண்டிக்காரர்களில் யாரோ சிரித்தார்கள். ஏட்டு திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

போடி மலையடிவாரத்தில், ஏலக்காய் மூட்டைகள் வந்து இறங்கும் புளியந்தோப்பில், ராஜாராமின் மோட்டார் வேன் வாயைத் திறந்துகொண்டு நின்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரப்பர் குழாய் பிளந்து, ஏற்றம் தொடங்கும் முன்பே ஆவி கக்கிவிட்டது. இப்படி ஆவது இது மூன்றாவது தடவை.

ராஜாராம் மதுரையில் அந்த வேனைப் பழசாக வாங்கி, இந்த வருஷம்தான் போடிக்குத் தொழில் செய்ய வந்தவர். வந்த வேகத்தில் மாட்டுவண்டிகளின் லோடில் பாதி அவர் கைக்குப் போனது. ஒச்சப்பனின் லோடும் அதில் ஒன்று.

"வண்டியோட வந்த பழைய குழாய் வருஷக்கணக்கா உழைச்சிருக்கு," என்றார் ராஜாராம். "நான் மாத்துற புதுக்குழாய் ஒவ்வொண்ணும் ரெண்டு மாசம் தாங்கல. நான் என்ன கொறை வெச்சேன்? கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைத் தோலுக்குப் போடுற மாதிரி, வெள்ளிக்கு வெள்ளி என் கையாலயே எண்ணெய் தேய்ச்சுப் பச்சைப்புள்ளையாட்டம் பாத்துக்கிட்டேன். இவன்தான் ராத்திரி வந்து அறுத்திருக்கான்."

ஒச்சப்பன் குழாயைக் கையில் வாங்கினான். அது எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது. வெல்லப்பாகு போல விரலில் ஒட்டியது.

"கத்தி பட்ட எடம் இப்பிடியா இருக்கும்? தொட்டாலே பிஞ்சுக்கிட்டு வருதே."

"அப்ப ராத்திரி வந்து எதையோ தடவியிருக்க," என்றார் ஏட்டு. அவர் திண்டுக்கல்லிலிருந்து இன்று காலைதான் மாற்றலாகி வந்தவர். வந்ததும் ஒரு கேஸ் பிடித்துக் காட்டும் அவசரம் அவருக்கு. "ஒழுங்கா ஒத்துக்க. இல்லைன்னா உள்ள போயி வருஷக்கணக்குல கெடப்ப. ஒன் மாடு ரெண்டும் ஏலத்துக்குப் போகும்."

"செய்யாததை ஒத்துக்கிற மாட்டேன்."

கன்னத்தில் அறை விழுந்தது. ஒச்சப்பன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, அதே இடத்தில் அதே மாதிரி நிமிர்ந்து நின்றான்.

"என்கிட்ட அத்தாட்சி இருக்கு ஏட்டய்யா," ராஜாராம் முன்னால் வந்தார். "ராத்திரியில நானே இவன் வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். ஆளு இல்ல. மறுநாளும் போனேன், அன்னைக்கும் இல்ல. இருட்டுனா இவன் வீட்டுல தங்குறதே கெடையாது. பொண்டாட்டிதான் மாட்டுக்குக் கூளம் அள்ளிப் போடுறா. எங்க அவன்னு கேட்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்துறா."

மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற அவன் மனைவி பேச்சி சும்மா இருக்கவில்லை. "போற எடத்துக்குத்தான் போயிருக்காருன்னேன். அதுல என்ன பொய்யி?"

"கேட்டீங்களா? அவளே சொல்றா!"

வண்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவரான ராக்கையா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒச்சப்பன் அவரைக் கண்ணாலேயே அடக்கினான்.

"மொதலாளி, ஒண்ணு கேக்குறேன். இது பகல்ல நடந்திருக்காதா?"

"பகல் பூரா வேன் என் கண்ணு முன்னால ஓடுது. ராத்திரி கொட்டகையில நிக்கும்போதுதான் நடந்திருக்கு."

"நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க. பெறகு மாத்தப்படாது."

"ராத்திரிதான்யா! எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்லுவேன்."

"ஏட்டய்யாவும் அதேதான் சொல்றீகளா?"

"அதிலென்னடா சந்தேகம்? மூணு தடவையும் ராத்திரிதான். மூணு தடவையும் நீதான்."

ஏட்டு விலங்கை எடுத்தார். அவர் கேட்பதற்கு முன்பே ஒச்சப்பன் இரண்டு கைகளையும் நீட்டினான். பூட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து, தோப்பு முழுக்கக் கேட்கும்படி குரலை உயர்த்தினான்.

"பொறந்த சாதியையே திருட்டுச் சாதின்னு வெள்ளைக்காரன் போட்ட ரேகைச் சட்டத்துல பேரு பதிஞ்ச ஆளு நானு. நாலு வருசமா பொழுது சாஞ்சா, விடியிற மட்டும் ஒங்க ஸ்டேசனுக்குள்ளதான் என்னைய அடைச்சுப் பூட்டுறாக."

ஏட்டின் கை விலங்கிலேயே நின்றது.

"பூட்டைத் தெறந்து விட்டது யாரு, ஏட்டய்யா?"