அறுபத்திரண்டாயிரம்

"அறுபத்திரெண்டாயிரம். பிடிச்சதெல்லாம் போக, கையில வர்றது," என்றார் லாய், வான்கோழிச் சோற்றுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே.

யுன்-ருவுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வாரத்தில் அவர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை.

தைவானின் சியாயி நகரில் சைக்கிள் பாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் வரைபட அறையில் ஒன்பது வருஷமாக இருக்கிறாள் அவள். சம்பளம் நாற்பத்தோராயிரம். லாய்க்கு வயது ஐம்பத்தேழு என்றாலும், வேலைக்கு வந்து ஐந்து வருஷம்தான் ஆகிறது. கணினியில் கோடு போடவே அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். அந்த மனுஷனுக்கு அறுபத்திரண்டாயிரமாம்.

"லாய் அண்ணே, சம்பளத்தை வெளியில சொன்னா வருஷக் கடைசி போனஸ் கட். கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தீங்க?" என்றாள் யுன்-ரு.

"போட்டேன். யாரு போய்ச் சொல்லப் போறா? நீயா?"

"எங்களுக்கு எதுக்கு உங்க சம்பளக் கதை?"

"கதை இல்ல, கணக்கு. உன்னோடதைச் சொல்ல வேணாம்மா, மூஞ்சியிலயே எழுதியிருக்கு. ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது வாயைத் தொறந்து கேட்டிருக்கியா? அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்."

சொல்லிவிட்டுப் பல் குத்திக்கொண்டு சிரித்தார். அறையில் ஒருவருக்கும் அந்த ஆளைப் பிடிக்காது. பிடிக்காததில் ஆச்சரியமும் இல்லை.

வீட்டில் வேறு தலைவலி. "வடக்க சிஞ்சு நகரத்துல உன் வேலைக்கு எழுபதாயிரம் தர்றான். வெள்ளிக்கிழமை ரயிலேறி வா, ஞாயித்துக்கிழமை திரும்பிப் போ. ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான் இருக்காங்க," என்று கணவன் நச்சரிக்கிறான். மகளுக்கு ஆறு வயது. வாரத்தில் இரண்டு நாள் அம்மா என்பதை அந்தக் குழந்தையிடம் யார் சொல்வது?

சம்பளம் சொல்லும் இணையதளங்களைத் துழாவிப் பார்த்தாள். தைபேயில் இவ்வளவு, தைச்சுங்கில் இவ்வளவு, மூன்று வருஷ அனுபவத்துக்கு இவ்வளவு, பத்து வருஷத்துக்கு இவ்வளவு. சியாயி என்று தட்டினால் 'முப்பதிலிருந்து எழுபது வரை' என்றது. இதைச் சொல்ல ஒரு தளம் வேண்டுமா? அவளுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

மறுநாள் லாய் நான்காவது தடவையாக ஆரம்பித்தார். "அறுபத்திரெண்டு வருதுல்ல, அதனால..."

யுன்-ரு பென்சிலை வைத்துவிட்டு எழுந்தாள். நேரே முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள். கணக்கு வழக்கு, சம்பளம், ஆள் சேர்ப்பது எல்லாம் முதலாளியம்மா கையில்தான். சம்பளச் சீட்டைக்கூட உறையில் போட்டு ஒட்டி அவர்தான் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பார்.

"சம்பளம் கூட்டித் தரணும், முதலாளியம்மா."

"உக்காரு. டீ குடி. தைபே சம்பளத்தை எல்லாம் இங்க வந்து கேக்கக் கூடாது. அங்க வீட்டு வாடகை என்ன, இங்க என்ன?"

"தைபே இல்ல. இதே ஊர்ல, இதே வேலைக்கு, என்னைவிட அனுபவம் கம்மியான ஆளுக்கு அறுபத்திரெண்டாயிரம்."

"யாரு சொன்னா?"

பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் லாயின் போனஸ் போய்விடும். எவ்வளவு கோபம் இருந்தாலும் அடுத்தவர் வயிற்றில் அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அதை விடுங்க. கட்டுபடியாகலைன்னா புத்தாண்டு முடிஞ்சதும் நான் சிஞ்சு போயிடுவேன்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் போட்டார்.

"நீ நாலாவது ஆளு, யுன்-ரு. போன வருஷத்துலேருந்து ஒவ்வொருத்தியா வந்து இதே நாற்காலியில உக்காந்து, இதே அறுபத்திரெண்டைச் சொல்றீங்க. ஊர்ல எந்தக் கம்பெனிக்காரன் என் ஆளுங்களுக்கு வலை வீசறான்னு நானும் விசாரிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் தெரியல."

யுன்-ரு டீக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"போனஸ் வாங்கின கையோட நீயும் போயிட்டா ஏற்றுமதி வரைபடத்தை யாரு போடுவா? ஐம்பத்தஞ்சு தர்றேன். அதுக்கு மேல ஒரு காசு கேக்காத. அந்த மூணு பேருக்கும் இதேதான் குடுத்தேன்."

பதினாலாயிரம் அதிகம். சிஞ்சு போக வேண்டாம். வீட்டுக்குப் போனதும் மகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எழுந்து நன்றி சொன்னாள். இனி லாய் என்ன பீற்றிக்கொண்டாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"யுன்-ரு, கொஞ்சம் நில்லு. கதவைச் சாத்து. நான் குடுத்ததை யார்கிட்டயும் சொல்லிடாத. முக்கியமா அந்த லாய் காதுல விழவே கூடாது."

"ஏன்?"

"அவன் இருந்த பழைய கம்பெனியை வியட்நாமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஐம்பத்திரெண்டு வயசுல வேலை கேட்டு வந்து நின்னான். முப்பத்தஞ்சாயிரத்துக்குச் சேத்தேன், இன்னிக்கும் முப்பத்தஞ்சுதான். போன வருஷம் ஒரே ஒரு தடவை கூட்டிக் கேட்டான். 'இஷ்டமில்லைன்னா போய்க்கோ'ன்னு சொன்னேன், பேசாம எழுந்து போயிட்டான். உங்களை மாதிரி வேற ஊருக்குப் போயிடுவேன்னு மிரட்ட அந்த வயசுல அவனால முடியுமா, சொல்லு."