துவைத்த சட்டை

அந்த இரண்டு குறுஞ்சூரியன்களும் நம் சூரியனுக்குப் பக்கத்தில்தான் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருக்கின்றன. மங்கல் என்பதால் நம் கண்ணில் படுவதில்லை. அவற்றின் கீழே வாழ்கிறவர்களுக்கு எந்நேரமும் சிவப்பு வெளிச்சம்தான். வெள்ளைத் துணியும் அதில் பட்ட ரத்தமும் அங்கே ஒரே நிறம். எப்போதாவது இளைய சூரியன் சீறி, கொஞ்ச நேரம் வெள்ளையாக எரியும். அப்போது கண்ணைத் திறந்தால் குடும்பம் அழியும் என்பது அங்கே வழிவழியாக வந்த பேச்சு.

அல்லியின் கணவன் மருதனோடு தண்ணீருக்குப் போன அவள் தம்பி குமணன் திரும்பி வரவில்லை. "பள்ளத்துல விழுந்துட்டான். எட்டி எட்டிப் பார்த்தேன், அவன் கை எனக்கு அகப்படவே இல்ல" என்று, தன் அம்மா துவைத்துக் கொடுத்த சட்டையோடு துக்க வீட்டின் நடுவே உட்கார்ந்து அழுதான் மருதன்.

இளைய சூரியன் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியது.

"எல்லாரும் கண்ண மூடுங்க" என்றாள் மாமியார்.

மூடினார்கள். தம்பியே போன பிறகு இனி அழிய என்ன இருக்கிறது என்று அல்லி மூடவில்லை.

வெளிச்சம் வந்தது. மருதனின் சட்டை மார்பில், அவள் அதுவரை பார்த்தேயிராத ஒரு நிறத்தில், கட்டைவிரலோடு சேர்த்து நான்கே விரல்கள் பற்றி இழுத்த தடம் இருந்தது. குமணனுக்குப் பிறவியிலேயே சுண்டுவிரல் கிடையாது.

அல்லி நிமிர்ந்தாள். கண் மூடியிருந்த அத்தனை முகங்களுக்கு நடுவே மாமியாரின் கண்கள் மட்டும் திறந்திருந்தன. அவை மகனின் சட்டையைப் பார்க்கவில்லை. அல்லியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.