ஒன்பதாம் எண்ணின் கடைசி வரி

"இந்தக் கடைசி ரெண்டு வரிய நான் சொல்லவே இல்லையேம்மா!"

ஆய்வு மாணவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்களைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. பதினோரு பேரின் பேச்சைப் பதிவு செய்திருந்தாள். சதவீதக் கணக்குக்குள் போட்டால் அந்தப் பேச்சு செத்துப்போகும் என்று, கவிதையாக்கித் தர ஒரு கவிஞரைத் துறையில் ஏற்பாடு செய்திருந்தார்கள். பேசியவர்களின் பெயர் அவருக்குப் போகாது, எண்ணும் குரல் பதிவும்தான் போகும். அவளும் அவரைப் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். பேசியவர் சொல்லாத எதுவும் கவிதையில் வரக் கூடாது என்பது ஒரே நிபந்தனை.

துணிக்கடையில் பதினெட்டு வருடம் நின்ற இந்த அக்காதான் ஒன்பதாம் எண். கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியை மாணவிக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"மறந்திருப்பீங்கக்கா. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"எங்க, இன்னொரு தடவை படி."

மாணவி படித்தாள்.

*கடையில நாற்காலி இருக்கு,*
*வாங்க வர்றவங்களுக்கு.*
*மூணு மணிக்கு மேல இந்தக் காலு*
*என்னோடது இல்ல, கடையோடது.*
*வீட்டுலயும் அடுப்போரம் நின்னுதான் சாப்பிடுறேன்.*
*உக்காருன்னு யாரும் சொன்னதில்ல.*

"காலு வரைக்கும் நான் சொன்னதுதான். சாப்பாட்டப் பத்தி சத்தியமா சொல்லல. அது எனக்கே தோணினதில்ல. ஆனா உண்மைம்மா. இத்தனை வருஷமும் நின்னுக்கிட்டேதான் சாப்பிட்டிருக்கேன்."

மாணவி கவிதைத் தாளை மடியில் போட்டாள்.

"உண்மையா இருந்தா மட்டும் போதாதுக்கா! ஒரு வரி அவரா சேர்த்ததுன்னு தெரிஞ்சா பதினோரு கவிதையும் குப்பைக்குத்தான். மூணு வருஷ உழைப்பு! மத்த பத்தும் பத்தே நாள்ல அனுப்பிட்டாரு. இதுக்கு மட்டும் ஒரு மாசம். போன் பண்ணா, 'கொஞ்சம் டயம் கொடும்மா'ன்னு கெஞ்சல் வேற. அடிச்சிடவா அந்த ரெண்டு வரிய?"

"அடிக்காத. ஆனா மாத்தணும். இப்ப அது பொய்யாப் போச்சு."

"எப்படிக்கா?"

அக்காவுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஒரு மாசமா எங்க வீட்டுக்காரரு ரெண்டு தட்டு வைக்கிறாரு. நான் வந்து உக்காந்தாத்தான் சோத்துல கை வைப்பேன்னு ஒரே அடம். திடீர்னு மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு நெத்தியத் தொட்டுக்கூடப் பார்த்தேன். காய்ச்சல் இல்ல."

மாணவி சட்டென்று பதிவுக் கருவியை எடுத்தாள். "அக்கா, இத இப்ப இதுல சொல்லுங்க. நீங்க சொன்னா அது உங்க வார்த்தை ஆயிடும்."

அக்கா தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "வீட்டுலயும் அடுப்போரம் நின்னுதான் சாப்பிட்டேன். உக்காருன்னு யாரும் சொன்னதில்ல, போன மாசம் வரைக்கும். போதுமா?"

மாணவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளுக்கே இப்போதுதான் கவிதை முடிந்த மாதிரி இருந்தது. சம்மதப் படிவத்தை நீட்டினாள். அக்கா அதைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனாள்.

உள் அறைக் கதவு திறந்தது. நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வீட்டுக்காரர் வந்தார்.

"உக்காந்து போடேன்! இன்னும் எத்தனை தடவைதான் சொல்றது?"

மாணவி விருட்டென்று நிமிர்ந்தாள். ஒன்பதாம் எண்ணுக்கு மட்டும் 'கொஞ்சம் டயம் கொடும்மா' என்று மாதம் முழுக்கப் போனில் அவளிடம் கெஞ்சிய அதே குரல்.