கடலைச் சபித்தவள்

"அந்தக் கையைப் பாருங்க. மண்ணை வாரித் தூத்துறாங்க. புள்ளையப் பறிகுடுத்த ஒரு தாய் கடலுக்கே சாபம் விடுறாங்க!"

புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கம். திரையில், சுனாமி அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர் சேவுகன் எடுத்த படம். 'கடலைச் சபித்தவள்' என்ற தலைப்பில் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் வந்து, அவருக்குப் பரிசுகளை வாங்கிக் கொடுத்த படம். இருபது வருடமாகப் போகிற இடமெல்லாம் இதைத்தான் விளக்குகிறார். அவருக்கு அலுக்கவே இல்லை.

"முகத்துல முழு வெளிச்சம். பக்கத்துல கவுந்து கெடக்குற சின்ன வள்ளம். முதுகுக்குப் பின்னால கடல் சுவர் மாதிரி நிக்குது. இப்படி ஒரு ஃப்ரேம் ஆயுசுல ஒரு தடவதான் அமையும்!"

மாணவர்கள் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மட்டும் கைதட்டவில்லை. படத்தில் இருப்பவரே அவர்தான், செல்வராணி. அலைக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்து கட்டுமாவடியில் மீன் விற்கிறார். மீன் வாங்கப் போன பேராசிரியை பரிமளாதான் அவரைக் கண்டுபிடித்து அழைத்திருந்தார்.

செல்வராணி அதுவரை இந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. "எம்மகன் போட்டோ ஒண்ணுகூட மிஞ்சலம்மா. இதுலயாச்சும் இருக்கானான்னு பாக்க வாரேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏறினார். பாவம், திரையை மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

இனியா என்ற மாணவி எழுந்தாள். "சார், போட்டோ எடுத்துட்டு அவங்களுக்கு ஏதாச்சும் ஹெல்ப் பண்ணீங்களா?"

சேவுகனுக்குச் சுருக்கென்றது. எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அன்று படத்தை ஆபீசுக்கு அனுப்புகிற அவசரத்தில் அவர் அங்கே நிற்கக்கூட இல்லை. பதில் சொல்லிச் சொல்லி அவருக்கே அந்தப் பதிலில் சந்தேகம் வந்திருந்தது.

"செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. நான் போறதுக்குள்ள எல்லாத்தையும் கடல் கொண்டு போயிருச்சு. நான் ஏன் சொல்லணும், அவங்களே இங்க இருக்காங்க. அவங்களையே கேப்போம்."

செல்வராணி வாயால் ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும். அப்புறம் எவனும் இதைக் கேட்கமாட்டான். அந்த நினைப்பே அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

செல்வராணியை மேடையேற்றினார்கள். சேவுகனே பட்டுச் சால்வையைப் போர்த்தி, மைக்கை நீட்டினார். "சொல்லுங்கம்மா, அன்னிக்குக் கடலப் பாத்து என்ன சொல்லித் திட்டுனீங்க?"

"கடலையா?"

செல்வராணி மைக்கை வாங்கவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய், கவிழ்ந்து கிடந்த வள்ளத்தை உள்ளங்கையால் தடவினார்.

"இதுக்கு அடியிலதான் எம்புள்ள கெடந்தான். அப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சு. அம்மா, அம்மான்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தான்."

சேவுகனின் முகம் வெளுத்துவிட்டது.

"ஒத்தையாத் தூக்கிப் பாத்தேன், முடியல. ஓடியாந்து ஒரு கை புடிங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன். கும்புட்டுக்கூடப் பாத்தேன்."

"அந்த ஆத்தாமையிலதான்..." சேவுகன் அவசரமாகக் குறுக்கிட்டார். "கடலுக்கு மண்ண வாரித் தூத்துனீங்க. அப்படித்தானேம்மா?"

செல்வராணி திரும்பி, அவர் முகத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தார். தோளிலிருந்த சால்வையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கடலு எனக்குப் பின்னாடி கெடக்கு. எதுக்க நின்ன ஆளு நீங்கதானாய்யா?"