தொண்ணூறாம் நாள்

மாலை ஐந்தரைக்கு ஷமீலாவின் கைபேசி அலறியது. சவரிமுத்துவின் கைப்பட்டை அனுப்பிய செய்தி: புகை ஆசை உச்சத்தில் இருக்கிறது, துணையாள் ஏழு நிமிடத்துக்குள் நேரில் போகவேண்டும்.

இன்று, சவரிமுத்து பீடியை விடும் திட்டத்தின் கடைசி நாளான தொண்ணூறாம் நாள். இன்றைக்குத் தாக்குப்பிடித்துவிட்டால் அவர் மீண்டவர். துணையாளான அவளை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள். ஷமீலா ஸ்கூட்டரை முறுக்கினாள்.

ஆறாவது நிமிடம் கதவைத் தட்டினாள். பதில் இல்லை.

"அண்ணாச்சி, பத்த வச்சிராதீங்க! கதவத் தெறங்க!"

பக்கவாட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். சவரிமுத்து வியர்வை சொட்டச் சொட்ட மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். கையில் பீடி இல்லை. நாடி படபடத்தால் கைப்பட்டை அதைப் புகை ஆசை என்றே எடுத்துக்கொள்ளும்.

"எத்தன நாளா இப்படிப் பண்ணுதீங்க?"

"பீடிய விட்டு ரெண்டு மாசமாச்சும்மா." மூச்சு வாங்கக் கைப்பட்டையைத் தொட்டுக் காட்டினார். "இது கூப்பிடலன்னா இந்த வீட்டுக்கு யாரு வாரா?"

கைபேசி கேட்டது: ஆசை முற்றிலும் அடங்கிவிட்டதா?

"இனிமே படியேறாதீங்க அண்ணாச்சி," என்றாள் ஷமீலா. பிறகு 'இல்லை' என்பதை அழுத்தினாள்.