விட்டது விட்டபடி

"பிரேக்கைப் பத்தி மட்டும் மொதல்ல சொல்லுங்க," என்றார் பெரியவர். பதினெட்டு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மகனின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் எதிரே பளபளவென்று நின்றது. அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மெக்கானிக் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாதமாக இந்த ரெண்டு சீட்டு வண்டியோடு மல்லுக்கட்டியவர். "சொல்றேன்யா. மாப்பிள்ளை சாரும் உள்ள வந்துடட்டுமே."

மாப்பிள்ளை ஷெட் வாசலிலேயே நின்று போனைத் தடவிக்கொண்டிருந்தார். கட்டையான ஆள், நடை மட்டும் காற்றாய்ப் பறக்கும். இன்றைக்கு அந்தக் கால்கள் நகரவே மாட்டேன் என்றன.

"அந்தச் சனியனை எதுக்கு மாமா மறுபடி கிளறணும்? பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று ஆரம்பத்திலேயே மன்றாடிப் பார்த்தவர் அவர். மாமனார் மசியவில்லை. அப்புறம் வாரத்துக்கு ரெண்டு தரம் ஷெட்டுக்கு வந்து, வண்டியை அண்டாமல் தள்ளி நின்றே, "என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

அந்த விசாரிப்புதான் பெரியவருக்கு உறுத்தியது. இவருக்கு என்ன இவ்வளவு அக்கறை? பிரேக்கில் கையைக் கிய்யை வைத்திருப்பாரோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. சீ, மகளைக் கட்டினவரைப் போய் இப்படி நினைக்கிறோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

நடந்தது ஊரறிந்த கதை. மகனும் மாப்பிள்ளையும் அந்த வண்டியில் ஒன்றாகப் போனார்கள். வளைவில் சைக்கிளில் வந்த தபால்காரரை அடித்துத் தள்ளிவிட்டு வண்டி மரத்தில் மோதியது. உள்ளே இருந்த ரெண்டு பேரையும் வெளியே தூக்கி எறிந்தது. மகனும் தபால்காரரும் அங்கேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளைக்கு நெற்றியில் நாலு தையல்.

"மச்சான்தான் ஓட்டினார், கண்ணுமண்ணு தெரியாத வேகம்" என்று மாப்பிள்ளை சொன்னார். பார்த்தவர் வேறு யாரும் இல்லை. போலீஸும் அதையே எழுதிக்கொண்டது.

அன்றையிலிருந்து பெரியவர் தெருவில் தலை நிமிர்ந்து நடந்ததில்லை. தபால்காரர் வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். மகனின் படத்தைக் கூடத்தில் மாட்டக்கூட மனசு வரவில்லை. பிரேக் போயிருந்தது என்று ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், பிள்ளையின் பேர் சுத்தமாகிவிடும். அந்த நப்பாசையில்தான் இத்தனை பாடும்.

நல்ல சேதி கேட்கப் போகிறோம் என்று மகனின் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கை நீளம் உட்பட அப்படியே பொருந்தியது. அவன் இருந்த காலத்தில் அப்பாவும் பிள்ளையும் ஒரே பீரோவில் எடுத்து மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள்.

வண்டியை ஒப்படைத்த அன்றே அவர் மெக்கானிக்கிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "இன்ஜினை என்ன வேணா பண்ணுங்க, வண்டி ரோட்டுல ஓடணும். கழட்டின பிரேக் சாமானைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்குப் பாக்கணும். உள்பக்கம் மட்டும் தூசி தட்டுறதோட சரி, எதையும் தொடாதீங்க. எம்புள்ளை விட்டது விட்டபடியே இருக்கட்டும்."

அந்தப் பழைய பிரேக் சாமான்கள் இப்போது தரையில் செய்தித்தாள் மேல் வரிசையாகக் கிடந்தன. மெக்கானிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

"மனசைத் தேத்திக்குங்கய்யா. பைப்புல ஒரு கீறல் இல்ல, பிரேக் ஷூ தேயவே இல்ல. வண்டி மேல பழி போட வழியே இல்ல."

பெரியவர் அந்தப் பைப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளையை ரெண்டாவது தடவை பறிகொடுத்த மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. "நான் அன்னிக்கே சொன்னேனே மாமா. மச்சானுக்கு வேகம்னா உசிரு. அவர் தலையெழுத்து, விடுங்க."

"மொத ஓட்டம் வீட்டு ஆளுங்க எடுத்தாத்தான் நல்லா இருக்கும்," என்று மெக்கானிக் சாவியை நீட்டினார்.

"ஓட்ட வேணாம். அவன் உக்காந்த இடத்துல ஒரு தரம் உக்காந்துட்டு எந்திரிச்சுக்கிறேன்," என்றார் பெரியவர். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே விட்டார். முட்டி ஸ்டியரிங்கில் இடித்து நின்றது. எப்படி வளைந்தும் இன்னொரு காலை உள்ளே இழுக்க முடியவில்லை.

"வயசாச்சுல்ல மாமா, ஏன் சிரமப்படுறீங்க? இறங்குங்க, நானே எடுக்கறேன்." மாப்பிள்ளை அவரைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார். ஆறு மாதமாக வண்டிப் பக்கமே வராத மனுஷன், சர்ரென்று உள்ளே நுழைந்து உட்கார்ந்தார். நெளியவில்லை, நகரவில்லை. கால் ரெண்டும் நேராகக் கிளட்சிலும் பிரேக்கிலும் போய்ப் பாந்தமாக உட்கார்ந்தன.

பெரியவர் முட்டியைத் தேய்த்துக்கொண்டே மெக்கானிக்கைப் பார்த்தார். "எதுக்குங்க சீட்டை இம்புட்டு முன்னாடி தள்ளிப் போட்டிருக்கீங்க? என்னை மாதிரி நெட்டை ஆளு எப்படி உக்கார்றது?"

"நான் எங்கய்யா தள்ளினேன்? நீங்கதான் எதையும் தொடாதேன்னுட்டீங்களே," என்று சிரித்தார் மெக்கானிக். "கடைசியா ஓட்டினவர் வெச்ச இடத்துலயே துருப்பிடிச்சு நிக்குது."