கூடத்துக் குரோட்டன்ஸ்

"பைய தூக்குட்டி. இலை உதிர்ந்தா கமர் நிஷாவுக்கு யாரு பதில் சொல்ல?"

உலகம்மாள் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தாள். மறுபக்கத்தில் அவள் மகள் சித்ரலேகா. பக்கத்து வீட்டுக் கமர் நிஷாவின் மாடிப்படியில் நின்ற இரண்டில் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார்கள், குரோட்டன்ஸ் செடி. சிவப்பும் மஞ்சளுமாக இடுப்பு உயரம் இருந்தது. கூடத்தில் டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தார்கள். திருநெல்வேலி டவுனில், நீளம் அதிகமாகவும் அகலம் குறைவாகவும் கட்டிய வீடு. கூடத்துக்கு ஜன்னல் இல்லை. பகலிலும் டியூப்லைட் எரிந்தது.

"செடி வளர்க்கத் தெரிஞ்ச பொண்ணா இருக்கணும்" என்று இன்று பெண் பார்க்க வரும் பேட்டைக்காரர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பம்பாயில் கம்பெனி வேலை என்று தரகர் சொன்னார்.

இதற்கு முன் வந்த இரண்டு இடத்துக்காரர்களும் ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை.

"எப்படி வளர்த்தேன்னு கேட்டா?" என்றாள் சித்ரலேகா.

"அதான் கமர் நிஷா சொன்னாள்லா. மண்ணு காஞ்சா தண்ணி. இடத்தை மாத்துனா இலை கொட்டும்."

"அதுக்கு மேல கேட்டா?"

"கேட்டா வாயைத் தெறந்து ஏதாச்சும் சொல்லு. ஊமை மாதிரி நிக்காத. போன தடவை அப்படித்தான் நின்ன."

மாப்பிள்ளையின் அப்பா தளவாயும் அம்மா ஆவுடையம்மாளும் வந்தார்கள். தளவாய் பஜ்ஜி சாப்பிட்டார். ஆவுடையம்மாள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு செடியைப் பார்த்தாள். பெண்ணைப் பார்க்கவில்லை.

"இது நீ வளர்த்ததாம்மா?"

"ஆமா அத்தை. சின்னக் கிளையா நட்டது."

"எங்கன வச்சிருப்ப?"

"இங்கனதான். இந்த மூலைதான் அதுக்கு. இடத்தை மாத்துனா இலையெல்லாம் கொட்டிரும்."

"வெயில்ல எடுத்து வைக்க மாட்டியோ?"

கமர் நிஷா இதைச் சொல்லித் தரவில்லை. அடுக்களை வாசலில் உலகம்மாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிலே காட்ட மாட்டேன் அத்தை. ஒரு தடவை வச்சுப் பார்த்தேன். ஓரம் கருகிட்டு. அன்னையிலேர்ந்து உள்ளதான்."

"அப்படியா" என்றாள் ஆவுடையம்மாள். "இலை பளபளன்னு இருக்கே."

"ஈரத்துணியால துடைப்பேன். அடிப்பக்கமும் துடைக்கணும். அங்கனதான் பூச்சி இருக்கும்."

அப்போது ஒரு இலை உதிர்ந்தது. நல்ல சிவப்பு இலை. ஆவுடையம்மாளின் காலருகே விழுந்தது. பெண்ணின் அப்பா ஐயம்பெருமாள் கூரையைப் பார்த்தார்.

சித்ரலேகா குனிந்து இலையை எடுத்தாள்.

"முத்துன இலை அத்தை. இன்னைக்கு விழும்னு நேத்தே நெனச்சேன்."

ஆவுடையம்மாள் காப்பியை ஒரு வாய் குடித்தாள்.

"வரும்போது பார்த்தேன். அடுத்த வீட்டு மாடிப்படியிலயும் இதே சாதிச் செடி ஒண்ணு நிக்கே."

உலகம்மாள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அங்கே ஒரு டம்ளர் கீழே விழும் சத்தம் கேட்டது.

"அது நான் குடுத்ததுதான்" என்றாள் சித்ரலேகா. "கமர் நிஷா அக்கா ஆசைப்பட்டுக் கேட்டாங்க. இதுலேர்ந்து ஒரு கிளை ஒடிச்சுக் குடுத்தேன். அவங்களுக்கும் நல்லா வந்திருக்கு."

"நீ குடுத்ததா?"

"ஆமா அத்தை. உங்களுக்கும் ஒரு கிளை வேணும்னா தாரேன்."

ஆவுடையம்மாள் முதல் முறையாகப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். பிச்சிப்பூ.

"திரும்பும்மா. பூ வச்சிருதேன்."

ஐயம்பெருமாள் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தார். உலகம்மாள் அடுக்களையிலிருந்து வந்து சம்பந்திக்கு இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தாள்.

தளவாயும் ஆவுடையம்மாளும் வெளியே வந்து தெருமுனை திரும்பினார்கள். பஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை.

"ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லியிருக்கலாம். செடியைப் பார்த்ததும் அங்கனயே மயங்கிட்ட" என்றார்.

"அது அவ வளர்த்த செடி இல்ல. ஜன்னல் இல்லாத வீட்டுல வச்சா குரோட்டன்ஸ் இந்தச் சிவப்பு சிவக்காது. நல்ல வெயில் குடிச்சாத்தான் நிறம் வரும். உள்ள கிடந்தா வெறும் பச்சையாப் போயிரும். இன்னைக்குக் காலைல அடுத்த வீட்டுலேர்ந்து தூக்கிட்டு வந்திருக்காங்க."

தளவாய் மனைவி பக்கம் திரும்பினார்.

"பொய்யின்னு தெரிஞ்சுமா பூ வச்ச?"

"முன்னால பார்த்த பாளையங்கோட்டைப் பிள்ளைய ஏன் வேண்டாம்னேன்? ரெண்டாவது கேள்விக்கே தலையைக் குனிஞ்சுட்டு, இரவல் செடின்னு சொல்லிட்டா. நல்ல பிள்ளைதான். நமக்கு ஆகாது."

"ஏன் ஆகாது?"

பஸ் வருகிறதா என்று ஆவுடையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"நம்ம பையனுக்குப் பம்பாயில வேலை போனதை, வாரவ கல்யாணத்துக்கு அப்புறம் தன் சொந்த அப்பன்கிட்டயே முகம் மாறாம மறைக்கணும்லா? அதுக்கு இவதான் சரி."